இருமல் வரும் இடம்

எங்கள் குடும்பத்தில் பசிக்கென்று ஒரு நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்த பிறகு.

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசை மிக நீளம். அவனுடைய மரச்சாமான் கடையில் யாரும் வாங்காமல் கிடந்ததால் வீட்டுக்கு வந்த மேசை என்று அண்ணி சொல்வாள். காலித் தட்டுகளை நடுவில் தள்ளிவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே அண்ணன் தொடங்குவான்.

"அப்பா வேலை பார்த்த பாட்டில் ஃபேக்டரிய மூடிட்டாங்க."

அவ்வளவுதான். நாற்காலிகள் அவன் பக்கம் திரும்பும். தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பான். என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அக்கா மட்டும் எழுந்து, தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

கதை இதுதான். வேலை போன அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஒன்றுமில்லை. அம்மா ஒரே ஒரு உருளைக்கிழங்கை வேகவைத்து, நாலாகக் கீறி, அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று ஆளுக்கொரு துண்டு வைக்கிறாள். அப்பா தன் துண்டை அண்ணன் பக்கம் தள்ளுகிறார். அண்ணன் என் பக்கம் தள்ளுகிறான். நான் அம்மா பக்கம். அம்மா மறுபடியும் அப்பா பக்கம். இப்படியே சுற்றிச் சுற்றிக் கிழங்கு ஆறிப்போகிறது.

"கடைசில தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தோம்" என்பான் அண்ணன். இந்த இடத்தில் இருமுவான். இரண்டு தடவை, வறட்டு இருமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு முடிவு பண்ணேன். என் வீட்ல இனிமே யாரும் பசியோட படுக்கக் கூடாது" என்பான். அண்ணி ஐஸ்கிரீம் எடுத்துவர எழுந்துவிடுவாள்.

இதில் எனக்கும் ஒரு வசனம் உண்டு. கிழங்கு ஆறுகிற இடத்தில் நான் "அப்புறம் என்னாச்சுண்ணா?" என்று கேட்க வேண்டும். ஒருமுறை ஏதோ யோசனையில் கேட்க மறந்துபோனேன். அண்ணன் காத்திருந்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கும்வரை கிழங்கு ஆறாமலே காத்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பெரிய தப்புச் செய்துவிட்டவளைப் போல உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சத்தை நினைத்து எனக்கே பிறகு எரிச்சல் வந்தது.

இந்த முறை அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தின் கஷ்டகாலத்தைப் பெரியவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். கல்லூரியில் அதற்கென்றே ஒரு சேகரிப்பு இருக்கிறதாம். பின்னால் வருகிற பிள்ளைகள் அதைக் கேட்டு, முன்னால் இருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்வார்களாம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடையின் புதிய கிளையைத் திறக்கும் அன்று, பெரிய டிவியில், சோபாக்களுக்கு நடுவே அதை ஓடவிடப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"'பசிச்சு வளர்ந்தவன் செஞ்ச சோபா'. எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

"உட்காரவே கூச்சமா இருக்கும்ண்ணா."

"அதான் வேணும்" என்றான்.

அன்றைக்கு நான் ஒரு முடிவோடு போயிருந்தேன், அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று. மேசையில் பேசுவது ஐஸ்கிரீமோடு கரைந்துவிடும். இது பதிவாகி நிற்கப்போவது. நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு, யாரோ ஒரு பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு கேட்கும்போது, எங்கள் வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்றே அதற்குத் தெரியாது. கிழங்கு இருக்கும். அவள் இருக்கமாட்டாள்.

இத்தனைக்கும் அந்தக் கிழங்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் வேகவே இல்லை.

நடந்தது வேறு. ஃபேக்டரி மூடிய கையோடு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் தொட்டியில் போட்டு, கம்பால் கிளறி எடுக்கிற வேலை. சாயங்காலம் வரும்போது ஒரு தலையணை உறைக்குள் ரொட்டி கொண்டுவருவாள். நோயாளிகளின் தட்டில் மிஞ்சியது. சில நாள் அவித்த முட்டையும் இருக்கும். பல் பட்ட ஓரங்களை அம்மா கத்தியால் நறுக்கி எடுத்துவிட்டு எங்களுக்குத் தருவாள். அந்தக் கத்தி கீறியது ரொட்டியைத்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு முதல்முதலாகக் கன்னத்தில் சதை வைத்ததே அந்தக் கஷ்டகாலத்தில்தான். ஆஸ்பத்திரிச் சாப்பாடு சத்துள்ளது. அண்ணனுக்குச் சிவப்பு ஜெல்லி என்றால் உயிர். ஜெல்லி வராத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ஆக, வயிற்றுக்குப் பஞ்சமில்லை. வெளியே என்ன சொல்வது என்பதுதான் பஞ்சம். ஃபேக்டரியை ஒட்டியிருந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் வேலை போயிருந்தது. ஆனால் ஒரு வீடும் அதை வாயால் சொல்லாது. எதிர்வீட்டில் குடும்பத்தோடு வயிறு சரியில்லை என்றார்கள். பக்கத்து வீட்டம்மா, உடம்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு ஏற்கெனவே எலும்பு எண்ணலாம். இவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, யாரோ கடித்து வைத்த ரொட்டியைத் தின்கிறோம் என்று எப்படிச் சொல்வது? சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பசி வேண்டியிருந்தது. அம்மா யோசித்து ஒரு உருளைக்கிழங்கை உண்டாக்கினாள்.

காலையில் தெருக்குழாய்க்குப் போகும் முன் அண்ணனையும் என்னையும் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வாள்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா?"

"ஒரு கிழங்கு. நாலாக் கீறி."

"அப்புறம்?"

"தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தோம்."

"அக்கா எங்கன்னு கேட்டா?"

"அத்தை வீட்டுக்குப் போயிருக்கா."

அந்நேரம் அக்கா சலவைக்கூடத்தில் இருப்பாள். அவள் இல்லாதபோது கட்டிய கதை. அதனால்தான் அதில் அவளுக்குத் துண்டு விழவில்லை. ஒருவர் மற்றவர் பக்கம் கிழங்கைத் தள்ளுகிற சமாச்சாரம் அண்ணன் பின்னால் சேர்த்தது. வியாபாரம் பெருகப் பெருகப் பாசமும் பெருகியது.

பதிவுக்குப் பேராசிரியை ஒரு விதி சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொருவராகத்தான் பேச வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக் கூடாது. சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் அண்ணன் சோபா மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கும் அறை இருக்கிறது. அண்ணன் மகள் அங்கே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் முதலில் போனான். வேட்பாளர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். அடுத்து தம்பி. அடுத்து, யாரும் கூப்பிடாமலே, என் கணவர்.

"நீங்க எதுக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்க. நான் மட்டும் சொல்லலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பிறகு நான். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் உட்கார்ந்தேன். அசைந்தால் கிறீச்சிட்டது.

"அத்தை, உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ, அத உங்க போக்குல சொல்லுங்க. அவசரமே இல்ல."

ஆஸ்பத்திரி என்ற சொல்லைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "அப்பா வேலை பார்த்த பாட்டில் ஃபேக்டரிய மூடிட்டாங்க" என்றேன்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே வந்து வந்து போயிற்று, நான் உட்கார்ந்தே இருந்தேன். கேட்டுக்கேட்டுப் பழகிய ஒன்று, நடந்ததைவிடப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. கிழங்கின் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, அதன் தோலில் இருந்த கரும்புள்ளிகூடத் தெரிகிறது. தின்று வளர்ந்த ரொட்டியோ நிறம்கூட நினைவில் இல்லை, ஒருநாளும் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை என்பதால் இருக்கலாம். எனக்கு எது ஞாபகம், எது பாடம் என்று பிரிக்கத் தெரியவில்லை. பயந்தேனா என்றால், அதுவும் இல்லை. சுகமாக இருந்தது. அதுதான் கேவலம்.

கிழங்கு ஆறுகிற இடம் வந்தது. அந்த அறையில் அண்ணன் இல்லை. இருந்தும், "அப்புறம் என்னாச்சுண்ணா?" என்று மெத்தைகளைப் பார்த்துக் கேட்டேன். நானே பதிலும் சொன்னேன். தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தோம். இரண்டு தடவை இருமினேன்.

அண்ணன் மகள் நிமிர்ந்து பார்த்தாள். சற்று நேரத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, இது ஒரே ஆள நாலு தடவ பேச வச்சு எடுத்த மாதிரி இருக்கு. எங்க மேடம் மூஞ்சிலயே தூக்கி எறிவாங்க."

"உண்மைன்னா அப்படித்தான்மா. ஆள் மாறினாலும் அது மாறாது" என்றான் அண்ணன்.

"சித்தப்பா அப்போ பொறக்கவே இல்ல."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அம்மா வயித்துல இருந்தேன்ல. உள்ள இருக்கிறவனுக்குப் பசிக்காதா?"

"மாமா, உங்க அப்பா பேங்க் மேனேஜர்."

என் கணவர் கண்ணாடியைத் துடைத்தார். "இத்தனை வருஷமா கேட்டதுல நானும் அங்க இருந்த மாதிரிதாம்மா. சொல்லப்போனா, எங்க வீட்ல நடந்தது ஒண்ணுமே இப்ப ஞாபகத்துல இல்ல."

"சரி, அத விடுங்க. எல்லாரும் ஏன் ஒரே இடத்துல இருமுறீங்க?"

அவள் பொத்தானை அழுத்தினாள். பதிவில் அண்ணன் தண்ணீர் குடித்த இடத்தில் இருமினான். தம்பி இருமினான். என் கணவர் கொஞ்சம் கூடுதலாகவே இருமினார். நான் இருமினேன். வரிசையாகக் கேட்டபோது காசநோய் வார்டு மாதிரி இருந்தது.

"தூசிம்மா. ஸ்பாஞ்சு அடுக்கின ரூம் இல்லியா?" என்றான் அண்ணன்.

அது அப்பாவின் இருமல். அம்மா எங்களை ஒப்பிக்கச் சொல்லும்போது அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடித்துப் படுத்த இடம் வந்ததும் இரண்டு தடவை இருமுவார். போதும், நிறுத்து என்று அர்த்தம். அதற்குமேல் அவரால் கேட்க முடியாது. அம்மா சட்டென்று கிழங்கை விட்டுவிட்டு அக்கா பேச்சுக்குத் தாவிவிடுவாள். நாங்கள் சின்னவர்கள், அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டோம். தெருக்குழாயில் பக்கத்து வீட்டம்மா கேட்டபோது, கிழங்கைச் சொல்லி, தண்ணீரைச் சொல்லி, ஒழுங்காக இருமியும் காட்டினோம். அன்றிலிருந்து அவள் தன் பிள்ளைகளை எங்களோடு விளையாட விடவில்லை.

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். மாப்பிள்ளைவரை அதில் பங்கு போயிருந்தது.

இதையெல்லாம் நான் அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மகள் விடவில்லை. "நாலு துண்டு. தாத்தா, பாட்டி, நீங்க, அத்தை. சரி. பெரியத்தை எங்க?"

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"அங்கதான் இருந்திருப்பா" என்றான் அண்ணன். "சமையல்கட்டுல எங்கயாவது."

"அப்போ அஞ்சு துண்டுல்ல வரணும்?"

அண்ணன் யோசித்தான். வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற அதே யோசனை. எவ்வளவு விட்டுக்கொடுத்தால் நஷ்டம் வராது என்கிற யோசனை.

"அஞ்சுன்னே போட்டுக்கோ. கிழங்கு என்ன, சண்டைக்கா வரப்போகுது?" என்றவன், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "அக்கா, இங்க வா. உனக்கும் ஒரு துண்டு போட்டாச்சு. நீயும் உள்ள போய் ஒரு தடவ சொல்லிடு. பாட்டில் ஃபேக்டரில ஆரம்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அவள் விரல் இடுக்குகள் வெளுத்தே இருக்கின்றன. சலவைக்கூடத்து மருந்தில் போன நிறம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னத்தப் போட்டே?"

"கிழங்குலக்கா. ஒரு துண்டு."

"எவ்வளவு பெருசு?"

"எல்லாருக்கும் போட்ட அளவுதான். வித்தியாசம் பாப்பேனா உனக்கு?"

அக்கா சிரித்துவிட்டாள். "ஏன்டா, இத்தனை வருஷமா என்னை அத்தை வீட்லயே விட்டு வச்சிருந்தீங்க. ஒருத்தரும் வந்து கூட்டிட்டுப் போகல. இப்ப கிழங்குக்கு ஆள் குறையுதுன்னு கூப்பிடுற."

"எந்த அத்தை வீடு?" என்று கேட்டாள் அண்ணன் மகள்.

"நானும் அதத்தான்டி தேடுறேன். எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தது எல்லாமே ஆம்பளைங்க. அம்மா ஒத்தப் புள்ள."

"அக்கா." அண்ணன் குரல் இறங்கியது. "கடைத் திறப்புல போடப்போறோம்கா. நாலு பெரிய மனுஷங்க வருவாங்க. அங்க போய் எச்சில் ரொட்டி, அது இதுன்னு..."

அவனே நிறுத்திக்கொண்டான். அந்தச் சொல் அந்த மேசையில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை, அவன் மறந்தேபோய்விட்டான், நம்பித்தான் சொல்கிறான் என்று நான் எனக்குள் அவனுக்காக வாதாடி வைத்திருந்தேன். அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மறக்காதவன் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

"என்ன ரொட்டி?" என்றாள் அண்ணன் மகள்.

அக்கா அவளைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கதையில நான் இல்லாம இருந்தேன் பாரு, அது பரவால்ல. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறான்னு வெளிய தெரிய வேணாம்னு அம்மா செஞ்சா. மரியாதையா எடுத்துக்கிட்டேன். கல்யாணமும் ஆகல, அது வேற விஷயம். ஆனா நீ இப்ப என்னை அங்க உட்கார வச்சு, கையில கிழங்கக் குடுத்து, நானும் பசியாப் படுத்தேன்னு சொல்லச் சொல்றே. நான் ஒரு நாளும் பசியாப் படுத்ததில்லடா. நீங்களும் படுத்ததில்ல. நான் படுக்க விட்டாத்தான?"

தம்பி கவிழ்த்து வைத்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் பசித்தது இப்போது என்ன ஆயிற்று என்று கணக்குப் பார்த்திருப்பான்.

அக்கா கை துடைத்த துண்டை மேசைமேல் விரித்தாள். உள்ளங்கையால் ஒருமுறை நீவி, மூலைக்கு மூலை சேர்த்து, ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து, அண்ணன் முன்னால் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"எந்த ரூம்மா? வா."

"பெரியத்தை, நான் எதுவும் கேக்க மாட்டேன். நீங்களா சொல்லுங்க."

"நீ கேட்டாலும் கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். கதவச் சாத்து."

கதவு மூடிக்கொண்டது. அண்ணன் டிவியைப் போட்டான், உடனே அணைத்தான். மேசையைச் சுற்றி நடந்தான். அது நீளமான மேசை என்பதால் சுற்றிவர நேரம் பிடித்தது. அண்ணி சமையலறை வாசலில் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து நின்றாள்.

"இப்ப வைக்கவா, அப்புறம் வைக்கவா?" என்று என்னைக் கேட்டாள். பாவம், அவள் எழுந்துவர வேண்டிய வசனம் இன்னும் வரவில்லை.

மெல்லிய கதவு. சொல் புரியாவிட்டாலும் குரல் வந்தது. சீராக, அவசரமில்லாமல், விரிப்பை உதறி உதறிப் போடுவது மாதிரி. நடுவே 'கொதிக்கிற தொட்டி' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அக்கா பாட்டில் ஃபேக்டரியில் ஆரம்பிக்கவில்லை.

அண்ணன் கதவருகே போய் நின்றான். தொண்டையைச் செருமினான். பிறகு இரண்டு தடவை இருமினான்.

குரல் நிற்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இருமினான். பழக்க தோஷம், என் கணவரும் கூடவே இருமினார். தம்பியும் சேர்ந்துகொண்டான். மூவரும் கதவைப் பார்த்து நின்று இருமினார்கள். என் தொண்டையிலும் அது வந்து முட்டியது. ஒரு கை போல உள்ளிருந்து மேலே ஏறியது. விழுங்கினேன். அதை விழுங்கியது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

உள்ளே அண்ணன் மகள் திடீரென்று சிரித்தாள். ஜெல்லிக்காக அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட இடமாக இருக்கும்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். இத்தனை வருடமாக அவனுக்கு எடுத்துக்கொடுத்து வந்தவள் நான் என்பதால், இப்போதும் ஏதாவது எடுத்துக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான். கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"தண்ணியக் குடிச்சுட்டுப் படுண்ணா" என்றேன்.

அவன் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.